தண்டவாளத்தில் நிற்பவருக்குப் பாடம் எங்கே?

2024 நவம்பர் 2. ஷொர்ணூரில் பாரதப்புழைப் பாலத்தின் மேல் குப்பை அகற்றிக் கொண்டிருந்த நான்கு துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸ் மோதி மாண்டார்கள். நால்வரும் சேலம் மாவட்டத்துத் தமிழர்கள். ஒப்பந்தக் கூலிகள். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி மலையாள மண்ணுக்கு வந்தவர்கள்.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. வண்டி வருவதை எப்படி அறிவது, பாலத்தில் எங்கே ஒதுங்குவது என்று அவர்களை உட்கார வைத்து, அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுத்தது யார்?

ரயில்வேயில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. லக்னோவில் 1957 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. வண்டிகள் மோதாமல் தடுக்கும் ‘கவச்’ கருவி அங்கே உருவானதுதான். சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில் ரயில்வே அமைச்சகத்தின் பணத்தோடு 422 மீட்டர் நீளத்துக்குக் குழாய்ப் பாதை போட்டு, மின்னல் வேக வண்டிக்குச் சோதனை நடக்கிறது. வடோதராவில் 2018-இல் ரயில்வேக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் திறந்தார்கள். 2022-இல் அது ‘கதி சக்தி விஸ்வவித்யாலயா’ என்ற மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

இவற்றை நாம் வரவேற்கிறோம். சீனாக்காரன் 1896-லேயே ரயில்வேக்குக் கல்லூரி கண்டான். 1853-இல் பம்பாயிலும் 1856-இல் ராயபுரத்திலும் வண்டி விட்ட நம் நாட்டுக்குப் பல்கலைக்கழகம் இத்தனை காலம் கழித்தாவது வந்ததே என்பதில் மகிழ்ச்சிதான்.

ஆனால், அந்தப் படிப்பு யாருக்காக? ‘கவச்’ சிவப்பு சிக்னலைத் தாண்டப் போகும் வண்டியை நிறுத்தும். லைனில் குனிந்து வேலை செய்யும் மனிதரைக் காப்பது அதன் வேலை அல்ல. அந்த மனிதருக்கான ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்தின் வேலைதான். வெயிலில் எந்த இடத்தில் தண்டவாளம் நெளியும், மழையில் எந்தக் கரை இளகும் என்று கால் வைத்தே சொல்லும் கேங்மேனை விடப் பெரிய ஆசிரியர் அதற்குக் கிடைப்பாரா?

நம்மில் சிலர் ரயில்வே ஆபீசில் பேனா பிடிப்பவர்கள். நிரந்தரத் தொழிலாளிக்குப் பயிற்சிப் பள்ளி உண்டு, சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியும் உண்டு என்பதை அறிவோம். ஒப்பந்தக் கூலியின் கதியோ ஒப்பந்தக்காரர் கையில் இருக்கிறது. ஓடும் வண்டிக்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் தெரியுமா?

ஆகவே நாம் கோருவது இது. பயிற்சிச் சான்று இல்லாத எவரையும் லைனில் இறக்கக் கூடாது. அந்தப் பயிற்சி தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும், கூலிநாளாகக் கணக்கிட்டு நடக்க வேண்டும். ரயில்வே பல்கலைக்கழகம் இதற்குப் பாடம் எழுத வேண்டும். பொறியியல் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டிப் படிக்க வழியில்லாத தொழிலாளர் பிள்ளைகளுக்கும் அங்கே இடமும் உதவித்தொகையும் வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கை கட்டி நிற்பது நம் வழக்கமல்ல. பஜார் ரோட்டில் மூட்டை சுமக்கும் தோழர்களே, டோபிகானாவில் வெளுக்கும் தாய்மார்களே, இப்போதே திறந்திருக்கும் ஒரு கதவைக் கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி தெற்கு ரயில்வே பெரம்பூர், பொன்மலை, போத்தனூர் பணிமனைகளில் பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத் தருகிறது. கேரளத்தில் குடியிருப்போரும் மனுப் போடலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண்ணைப் பார்த்தே எடுக்கிறார்கள். பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு 20 ஒதுக்கீடு உண்டு.

பெரும்பாலும் நம் பிள்ளைகள் இடறி விழுவது சாதிச் சான்றிதழில்தான். தகப்பனாருக்குப் பூர்வீக ஊரில் கொடுத்த சான்று இல்லாமல் இங்கே தாலுகா ஆபீசில் காரியம் ஆவதில்லை. அறிவிப்பு வந்த பின் ஊருக்கு ஓடுவதில் பயனில்லை. பொங்கலுக்குப் போகும்போதே அந்தக் காகிதத்தை வாங்கி வையுங்கள். மனு எழுத, படிவம் நிரப்பச் சங்க அலுவலகம் திறந்தே இருக்கும்.

பாரதப்புழையில் போன நான்கு உயிர் திரும்பாது. அவர்கள் நின்ற இடத்தில் நாளை நிற்பவர், பாடம் கற்றவராக, வீடு திரும்புபவராக இருக்க வேண்டும். அதற்காகவே இந்தக் குரல்.