சாரணர் தலைவர் பயிற்சிக்குக் குடும்பத்தோடு போனால் என்ன?



கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலையில் சாரணர் நடத்தும் ஆசிரியர்கள், அதிபர்மார், பெற்றோர் எல்லோரும் பொறுமையோடு வாசியுங்கள்.

சாரணர் தலைவர்களுக்கான வதிவிடப் பயிற்சி அறிவித்தல் வந்ததும் எங்கள் ஆசிரியர் அறையில் முதலில் எழும் கேள்வி கட்டணம் பற்றியதல்ல, லீவு பற்றியதுமல்ல. "பிள்ளையை யார் பார்க்கிறது?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் விண்ணப்பப் படிவம் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்து போகிறது. அடுத்த வருடமும் அதே கதை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: சாரணர் தலைவர் பயிற்சி நிலையங்கள் குடும்பத்தோடு வருபவர்களுக்கும் ஒரு வாசலைத் திறக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கேட்கவில்லை. பாடசாலைகளில் சாரணியம் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் இது தேவை.

ஏன் தேவை என்று விளங்க, எங்கள் நாட்டில் சாரணியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1912இல் மாத்தளையில் ஒரு பாடசாலையில்தான் இது இங்கே தொடங்கியது. இன்றும் பெரும்பாலும் பாடசாலையோடு சேர்ந்தே நிற்கிறது. அதனால் சாரணர் தலைவர் என்றால் அநேகமாக ஓர் ஆசிரியர். முப்பது வயதுக்கு மேற்பட்ட, சிறு பிள்ளைகள் உள்ள, மாலையில் பிரத்தியேக வகுப்பும் வீட்டு வேலையும் காத்திருக்கும் ஆசிரியர். அவருக்கு இடமாற்றம் வந்தால் துருப்பு படுத்துவிடும். பயிற்சி முடித்த இரண்டாமவர் ஒருவர் பாடசாலையில் இருந்தால் படுக்காது. அந்த இரண்டாமவரைத்தான் நாங்கள் உருவாக்க முடியாமல் இருக்கிறோம்.

குருளைச் சாரணரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள். அவர்களுக்குப் படிப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண் ஆசிரியைகள். குருளைகளுக்குத் தலைவியாக இருக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? 1916இல் பேடன் பவல் குருளைப் பிரிவை அமைத்தபோது அவருக்குத் துணையாக நின்று வேலை செய்தவர் வேரா பார்க்ளே என்ற பெண்மணி. ஆக, பெண்கள் இதில் புதிதாக நுழைய வரவில்லை. ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள்.

எங்களோடு கற்பிக்கும் ஓர் ஆசிரியை குருளைகளை மூன்று வருடமாக நடத்துகிறார். ஆரம்பப் பயிற்சி முடித்தவர். அடுத்த கட்டத்துக்கு மலைநாட்டில் உள்ள ஒரு நிலையத்தில் சில நாட்கள் தங்க வேண்டும். கிழக்குக் கரையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் பகல் பொழுது முழுக்கப் பயணம். மகளுக்கு அப்போது பதினான்கு மாதம், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை. கணவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனார். உள்ளே தங்க அனுமதியில்லை. டவுனில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, தேநீர் இடைவேளைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வருவார். காவலாளியின் கொட்டிலுக்குப் பின்னால் நின்று அந்த ஆசிரியை பால் கொடுத்தார். மழை பெய்த நாளில் குடைக்குள்.

அவர் பயிற்சியை முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "இன்னொரு முறை போவீர்களா?" என்று கேட்டால் சிரிக்கிறார், பதில் சொல்வதில்லை. லொட்ஜுக்குக் கொடுத்த காசு பயிற்சிக் கட்டணத்தைவிட அதிகம். அந்தக் கணவரைப் போல எத்தனை பேர் இருப்பார்கள்?

இது பெண்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மனைவிக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று பெயரை வெட்டிக்கொண்ட ஆண் ஆசிரியர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். சுகமில்லாத உம்மாவைத் தனியே விட்டுவிட்டு வர முடியாதவர்களும் இருக்கிறார்கள்.

"அதெல்லாம் முடியுமா? பயிற்சி நிலையம் என்ன ஹொட்டலா?" என்று சிலர் கேட்கலாம். உலகத்தில் இது நடக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் சிமரோன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பில்மொன்ட் என்ற பெரிய சாரணர் நிலம் இருக்கிறது. வேய்ட் பிலிப்ஸ் என்ற எண்ணெய் வர்த்தகர் 1938இல் முப்பத்தையாயிரம் ஏக்கருக்கு மேல் அன்பளிப்புச் செய்தார். 1941இல் இன்னும் நிறையக் கொடுத்தார், தன் மாளிகை உட்பட. அங்கே 1950இலிருந்து தலைவர் பயிற்சி நிலையம் ஒன்று நடக்கிறது. கோடை காலத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குத் தலைவர்கள் மனைவி, கணவன், பிள்ளைகளோடு வருகிறார்கள். தலைவர் வகுப்பில் இருக்கும் நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற குழுக்கள், வளர்ந்த பிள்ளைகளுக்கு மலையேற்றம், கூட வந்த துணைக்கும் தனி நிகழ்ச்சி. மாலையில் குடும்பம் ஒன்று சேர்கிறது. தங்குவதற்குச் சாதாரணக் கூடாரங்களும் உண்டு.

அவர்களுடைய பணமும் நிலமும் எங்களிடம் இல்லை. அது உண்மை. ஆனால் அதில் நாங்கள் படிக்க வேண்டியது கட்டடத்தை அல்ல, பார்வையை. தொண்டராக வேலை செய்யும் ஒரு மனிதரை வீட்டிலிருந்து பிடுங்கி எடுக்காமல், அவர் வீட்டையும் சேர்த்து அழைக்கிற பார்வை. தன் வாப்பா ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் காக்கிச் சீருடை போடுகிறார் என்று அந்தப் பிள்ளைக்கு அங்கே விளங்குகிறது. அடுத்த சனிக்கிழமை வீட்டில் முகச்சுழிப்பு குறைகிறது.

எதிர்க்கருத்துகளில் நியாயம் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க விரும்பவில்லை.

முதலாவது, அணி முறை. 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பார்க்கில் முதல் தருசின்னப் பயிற்சி நடந்ததிலிருந்து இதன் உயிரே அணியாக வாழ்வதுதான். தலைவர் சில நாட்களுக்குச் சாரணனாக மாறி, அணியோடு சமைத்து, அணியோடு தூங்கி, அணியோடு பாத்திரம் கழுவ வேண்டும். பக்கத்துக் கூடாரத்தில் மகன் அழுதால் மனம் அங்கேதான் போகும். பில்மொன்ட்டில் நடப்பது பெரும்பாலும் கருத்தரங்கு வகைப் பயிற்சி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனவே அணியாக வாழும் பயிற்சியில் குடும்பம் பாசறைக்குள் வரக்கூடாது என்பதை நாங்கள் ஏற்கிறோம். நாங்கள் கேட்பது பாசறைக்கு வெளியே, நடந்து போகும் தூரத்தில் ஓர் இடம். பால் குடிக்கும் பிள்ளையின் தாய்க்கு மட்டும் குறித்த நேரங்கள். ஊரில் விட்டுவந்த பிள்ளையை நினைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பவரைவிட, பிள்ளை பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தவர் நன்றாகப் படிப்பார்.

இரண்டாவது, பிள்ளைகள் பாதுகாப்பு. அதே வளவில் சாரணப் பிள்ளைகளின் பாசறையும் நடக்கலாம். பதிவு செய்யாத பெரியவர்கள் அங்கே நடமாடுவது சரியல்ல. இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம். வரும் குடும்பத்தவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் முன்கூட்டியே பதியப்பட வேண்டும். அவர்கள் போகக்கூடிய இடமும் கூடாத இடமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, செலவு. குடும்பத்தின் செலவைக் குடும்பமே கொடுக்கட்டும். லொட்ஜுக்குக் கொடுக்கும் காசில் பாதியை நிலையத்துக்குக் கொடுத்தாலும் இரு பக்கமும் இலாபம். பயிற்சி இல்லாத நாட்களில் வெறுமையாய்க் கிடக்கும் விடுதி அறைகளுக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

எங்கள் கோரிக்கை சிறியது. ஒரு பயிற்சிக்கு நான்கைந்து குடும்பங்களுக்கு அறை. ஒரு பாலூட்டும் அறை. பகல் நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க இரண்டு பேர். முன்பள்ளி டிப்ளோமா படிக்கும் யுவதிகள், மூத்த பெண் சாரணத் தலைவிகள் என்று ஆட்கள் இல்லாமலா? இறுதி நாள் பாசறைத் தீக்குக் குடும்பங்களுக்கும் அழைப்பு. வருடத்தில் ஒரேயொரு பயிற்சியில் செய்து பாருங்கள். சரிவராவிட்டால் நிறுத்துங்கள்.

எங்கள் சமூகத்திடமும் ஒரு வார்த்தை. பெண் தனியே தூரப் பயணம் போய்த் தங்குவது பற்றி எங்கள் வீடுகளில் தயக்கம் உண்டு. அதில் மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் கணவரோ வாப்பாவோ சகோதரனோ கூடவே வந்து பக்கத்தில் தங்க வழியிருந்தால், அந்தத் தயக்கத்தின் பெரும்பகுதி தானாகவே தீர்ந்துவிடும். அப்படி வழி திறந்தால், "நீ போ, நான் பிள்ளையைப் பார்க்கிறேன்" என்று சொல்ல ஆண்கள் நாங்கள் தயாராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நிலையம் குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டு வா என்கிறது. மறுபக்கம் வீடு, குடும்பத்தை விட்டுப் போகாதே என்கிறது. நடுவில் நிற்பது அந்த ஆசிரியை. நட்டப்படுவது அவருடைய முப்பது குருளைகள்.

அந்தக் குருளைகள் வளர்ந்து, ஒருநாள் ஜனாதிபதி சாரணர் விருதுக்கு நெஞ்சை நிமிர்த்தி நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். அதற்கு முதற்படி, அவர்களுக்கு முன்னால் நிற்பவர் பயிற்சியை முடித்தவராக இருப்பது.

மாவட்ட ஆணையாளர்கள், பயிற்சிப் பொறுப்பாளர்கள் யாராவது இதை வாசித்தால் வரும் வருடத் திட்டத்தில் சேர்த்துப் பாருங்கள். படிவத்தை லாச்சிக்குள் வைத்திருக்கும் ஆசிரியர்களே, கீழே உங்கள் மாவட்டத்தையும், எது தடையாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஒன்றாகத் திரட்டி உரியவர்களிடம் கையளிப்போம், இன் ஷா அல்லாஹ்.