பிழை கையிலா, துப்பாக்கியிலா?

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டாலே முகஞ் சுளிக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் அநேகம். அதற்குக் காரணமும் உண்டு. ஆகவே, இவ்வாரம் எமக்கு வந்த கடிதமொன்றை இப்பகுதியில் எடுத்துக்கொள்வதா, விடுவதா என்று நாம் சற்றுத் தயங்கவே செய்தோம். ஆயின், எழுதியவர் ஒரு தாய். கேட்டதோ துப்பாக்கியைப் பற்றியன்று, மகனைப் பற்றி.

மகன் இங்கிலாந்திலே பல்கலைக்கழகமொன்றிற் பயில்கிறான். அங்குள்ள கழகத்திற் சேர்ந்து, .22 எனப்படும் சிறுகுழல் றைபிளினால் இலக்கைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டைக் குளிர்காலம் முழுவதும் பழகினான். கட்டடத்தினுள்ளே 25 யார் தூரத்திற் சுட்டபொழுது எல்லோரும் மெச்சினார்களாம். வேனில் பிறந்ததும் வெளித்திடலில் 50 மீற்றர் தூரத்திற்குச் சென்றான். ரவைகள் யாவும் தாழ்ந்து விழுந்தன. ஒவ்வொரு வெடிக்கும் ஒருமுறை குறிகாட்டியின் திருகைத் திருப்பினான். அவை மேலுஞ் சிதறின. தனக்குக் கை நடுங்குகிறது என்றும், இனித் திடற்பக்கமே போவதில்லை என்றும் வீட்டுக்கு எழுதிவிட்டான். "அவனுடைய கண்ணிலே ஏதேனும் கோளாறோ?" என்று வினவுகிறார் அம்மையார்.

கண்ணிலே கோளாறு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. நடந்தது யாதெனின், அவன் தூரத்தை மாற்றினான். துப்பாக்கிக்கு அதனை அறிவிக்கவில்லை.

குழலைவிட்டு நீங்கிய கணமே ரவை கீழே விழத் தொடங்குகிறது. போட்டிகளுக்குரிய .22 ரவை விநாடிக்கு ஏறத்தாழ 320 மீற்றர் வேகத்திற் புறப்படும். இது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. 50 மீற்றரைக் கடக்க அதற்கு விநாடியில் ஆறிலொரு பங்கு வேண்டும். அந்தச் சிறு பொழுதுக்குள்ளே அது 12 சென்றிமீற்றர் அளவு வீழ்ந்துவிடும். பார்வைக் கோடோ நேரானது. அதுவும் குழலுக்கு நாலைந்து சென்றிமீற்றர் மேலே செல்வது. ஆதலால், குழல் மிகச் சிறிதளவு மேல்நோக்குமாறு குறிகாட்டியைத் திருத்தி, வேண்டிய தூரத்திலே நேர்கோடும் வளைகோடும் சந்திக்கச் செய்கிறார்கள். இதனையே 'சீரோ' செய்தல் என்பர். 25 யாருக்குத் திருத்திய துப்பாக்கி 50 மீற்றரில் ஏறக்குறைய இரண்டு சென்றிமீற்றர் கீழே சுடும். அத்தூரத்து இலக்குத் தாளில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீற்றர்தான் இடைவெளி. ஆகவே, முன்பு பத்துப் புள்ளி தந்த அதே கையும் அதே கண்ணும் இப்போது எட்டையோ ஏழையோ தரும். 50 மீற்றருக்குத் திருத்தியதை 100 யாருக்குக் கொண்டுபோனாலோ, ரவை ஏழங்குலம் வரை தாழும்.

இனித் தாளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். குளிர்காலத்திற் பழகும் 25 யார்த் தாளிலே பத்துச் சிறு வட்டங்கள் உள்ளன. வட்டத்துக்கு ஒரு வெடி. போட்டிக்கு அது நன்று. துப்பாக்கியைத் திருத்துவதற்கோ அது உதவாது. ஒற்றை ஓட்டையைப் பார்த்து, பிழை கையினுடையதா, கருவியினுடையதா என்று எவராலும் கூற முடியாது. எத்துணை நல்ல துப்பாக்கியும் ஒரே துளையிற் சுடுவதில்லை, சிறிது சிதறும். அந்த இயல்பான சிதறலை ஒவ்வொரு வெடிக்கும் துரத்திச் சென்று திருகைத் திருப்பினால், சிதறல் பெருகுமேயன்றிக் குறையாது. தம்பி செய்தது இதுவே. ஒரே கருவட்டத்தில் ஐந்து வெடிகள், இயலுமாயின் பத்து, திருகைத் தொடாமற் சுடவேண்டும். ஓட்டைகளின் கூட்டத்துக்கு நடு எதுவென்று பார்த்து, அந்த நடுவையே வட்டத்தின் நடுவுக்கு நகர்த்தவேண்டும். கூட்டம் நெருக்கமாகவும் தாழ்ந்தும் இருந்தால் துப்பாக்கியைத் திருத்தவேண்டும். கூட்டமே இல்லாது பரந்திருந்தால் அன்றைக்குத் திருகை விட்டுவிட்டு, மூச்சையும் தோளையும் கவனிப்பதே முறை.

சிறிய புள்ளியைக் குறிபார்த்தால் நுட்பம் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்திய துப்பாக்கிக்கு அது பொருந்தலாம். வளையக் குறிகாட்டிக்குப் பொருந்தாது. அங்கே கண் செய்யும் வேலை, வளையத்தினுள்ளே கருவட்டத்தை இருத்தி, சுற்றிலும் தெரியும் வெண்மை ஒரே அகலமாக உள்ளதா என்று பார்ப்பதேயாகும். வட்டம் மிகச் சிறிதானால் அது வளையத்தினுள்ளே அலையும். 50 மீற்றர்த் தாளில் பத்தாம் வளையம் 10.4 மில்லிமீற்றராக இருக்க, கருவட்டம் 112.4 மில்லிமீற்றராக அமைந்திருப்பது இதனாலேதான். காற்றும் ஒரு சங்கதி. மணிக்குப் பத்து மைல் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று, 50 மீற்றருக்குள் ரவையை இரண்டு சென்றிமீற்றருக்கு மேல் ஒதுக்கிவிடும். அமைதியான காலைப்பொழுதே இப்பணிக்கு உகந்தது.

2008ஆம் ஆண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் அபிநவ் பிந்த்ராவுக்கு நேர்ந்ததைத் தம்பிக்கு எடுத்துச் சொல்லலாம். 10 மீற்றர் காற்று றைபிள் போட்டியின் முதற் சுற்றில் 600க்கு 596 புள்ளிகள் பெற்று இறுதிச் சுற்றுக்குத் தெரிவானவர் அவர். இறுதிக்கு முன், பரீட்சார்த்தமாகச் சுட அளிக்கப்பட்ட சில நிமிடங்களில், அவருடைய முதல் வெடி நாலாம் வளையத்தை ஒட்டி விழுந்தது! பத்து என்பது அரை மில்லிமீற்றர்ப் புள்ளியாயுள்ள அந்தத் தாளில் இது பெரும் விலகல். நடுங்கி எழுந்து போயிருக்கலாம். தன் கையை நொந்திருக்கலாம். தமது கூட்டம் எங்கே விழும் என்பது அவருக்கு ஐயமறத் தெரிந்திருந்தது. குறிகாட்டி எவ்வாறோ இடம்பெயர்ந்துவிட்டது என்று துணிந்து, இருந்த நேரத்துக்குள் அதனைத் திருத்தினார். கடைசி வெடியில் 10.8 பெற்றுத் தங்கப் பதக்கத்தை வென்றார். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது.

திடலிலே பல இலக்குகள் வரிசையாக நிற்கும். தம் இலக்கத்தை முதலிற் பார்ப்பதும் அவசியம். 2004இல் ஏதென்ஸிலே, மூன்று புள்ளிகள் முன்னணியில் நின்ற அமெரிக்கர் மத்தியூ எம்மன்ஸ், கடைசி வெடியை அயலவருடைய இலக்கிற் சுட்டுச் சுழியம் பெற்று, எட்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். அன்று ஆறுதல் கூற வந்த செக் நாட்டு வீராங்கனை கத்தெரினாவை அவர் 2007இல் மணந்துகொண்டார் என்பதையும் அம்மையாருக்குச் சொல்லி வைக்கிறோம். மகனுக்கு எழுதுவதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம்!

அம்மையார் மகனுக்கு இவ்வளவு எழுதினாற் போதும்: காற்றில்லாத ஒரு காலையில், திடலுக்குப் பொறுப்பானவரின் துணையோடு, குளிர்காலத்திற் பழகிய அதே வகை ரவையை எடுத்துக்கொண்டு போகட்டும். 25 யாரில் ஒரே வட்டத்தில் ஐந்து வெடி சுட்டுக் கூட்டம் நடுவில் விழுகிறதா என்று பார்க்கட்டும். பின்னர் 50 மீற்றரில் ஐந்து. அதன் பிறகே திருகில் விரல் வைக்கட்டும். திருகின் ஒவ்வோர் அடியும் பாகையின் ஒரு கலையிற் காற்பங்கானால், 50 மீற்றரில் அது ரவையை ஏறக்குறைய 3.6 மில்லிமீற்றர் நகர்த்தும். கணக்கை அவனே போட்டுக்கொள்வான். திருத்துமுன் சுட்ட தாளையும், திருத்தியபின் சுட்ட தாளையும் தாய்க்கு அனுப்பி வைக்கட்டும். அம்மையார் அவற்றை எமக்குங் காட்டினால் மகிழ்வோம்.