கேட்டதும் சொன்னதும்: அப்பாவின் பெட்டியா, புதிய பெட்டியா?

சுங்கைப்பட்டாணி அன்பர் ஒருவர் கேட்கிறார்: "என் தகப்பனார் வாங்கிய பழைய பிலிப்ஸ் சிடி பெட்டி இன்னும் பாடுகிறது. அதில் இருப்பது 14 பிட் மாற்றியாம். அடுத்து வந்த 16 பிட் பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கிவிடு என்கிறார் நண்பர். வாங்கலாமா?"

அன்பரே, சிடி தட்டில் இருப்பது பாட்டு அல்ல, எண்கள். ஒவ்வொரு காதுக்கும் விநாடிக்கு 44,100 எண்கள். அவற்றை மின் அலையாக்கித் தரும் சிறு சில்லுதான் மாற்றி. 16 பிட் என்றால் 65,536 படிகள். 14 பிட் என்றால் 16,384 படிகளே.

1982-இல் சோனி தன் முதல் சிடி பெட்டியை 16 பிட் மாற்றியோடு வெளியிட்டது. பிலிப்ஸ் கையில் இருந்ததோ டிடிஏ1540 என்ற 14 பிட் சில்லு. கால் பங்கு படிகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள்?

தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். ஒருவர் தினமும் 11¼ கிலோ பால் கொண்டு வருகிறார். ஏட்டில் முழுக் கிலோ எழுத மட்டுமே இடம். கிராணியார் தினமும் 11 என்று எழுதி, கால் கிலோவை விட்டுவிட்டால் உழைத்தவர் வயிற்றில் அடி. நேர்மையானவர் அந்த மிச்சத்தை மறுநாள் கணக்கில் சேர்ப்பார். மூன்று நாள் 11, நாலாம் நாள் 12. ஒரு நாள் கணக்கு பிசகினாலும் மொத்தம் 45 கிலோ சரியாக வந்துவிடும்.

பிலிப்ஸ் செய்ததும் இதுதான். ஓர் எண் இருந்த இடத்தில் நான்கு எண்களை வைத்து, விநாடிக்கு 176,400 ஆக்கி, ஒவ்வொன்றிலும் விழுந்த மிச்சத்தை அடுத்ததில் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் தகப்பனாரின் பெட்டி 14 பிட் என்று அலட்சியம் செய்யத்தக்கதல்ல.

1985-இல் வந்த டிடிஏ1541 முழு 16 பிட். முன்பு காதுக்கொன்றாக இரண்டு சில்லுகள் தேவைப்பட்டன. இப்போது ஒன்றே போதும். முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தெரியக்கூடிய இடம் மிக மெல்லிய ஒலி: வீணைத் தந்தியின் நாதம் தேய்ந்து அடங்கும் அந்த இறுதிக் கணம். 1960-களின் திரைப்பாடல்களில் பதிவோடு வந்த இரைச்சலே அந்த வேற்றுமையை மூடிவிடும்.

காசு கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே பாட்டை, ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் இனிமையாகத் தோன்றும்; அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்துகொள்ள, வீட்டார் சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடட்டும். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொன்னால் தாராளமாக வாங்குங்கள்.

சொல்ல முடியாவிட்டால், ஒலிபெருக்கியின் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். கூம்பைச் சுற்றியுள்ள நுரை விளிம்பு நம் ஊர்ப் புழுக்கத்தில் பொடிந்து போயிருக்கலாம். அதை மாற்றினால் வரும் வித்தியாசம் சில்லை மாற்றினால் வராது, செலவும் குறைவு.

புதியது உயர்ந்ததாகவே இருக்கட்டும். நம் வீட்டுக்கு அது தேவையா என்பதை நம் காது சொல்லட்டும், நண்பர் அல்ல.