எரிவதைப் பிடுங்காமல் கொடைக்கானல் போய் என்ன பயன்?



ஆயுதபூஜை விடுமுறை முடிந்ததிலிருந்து முகநூலைத் திறந்தால் மலையும் மேகமும்தான். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, மூணாறு. படத்துக்கு மேலே ஏறக்குறைய எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறீர்கள்: "ஸ்ட்ரெஸ் எல்லாம் போயே போச்சு." படங்கள் அழகாக இருக்கின்றன. எனக்குச் சண்டை அந்த வரியோடுதான். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வகுப்பில் கவனித்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கவனித்துப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. சென்னையிலிருந்து கொடைக்கானல் சுமார் 520 கிலோமீட்டர். காரில் குறைந்தது 10 மணி நேரம். வெள்ளி இரவு 9 மணிக்குப் புறப்பட்டு, ஞாயிறு மாலை 5 மணிக்கு மலை இறங்கினால், வீடு வந்து சேரத் திங்கள் விடியற்காலை 3 மணி. மொத்தம் 54 மணி நேரம். அதில் 20 மணி நேரம் வண்டிக்குள். சனி இரவு தூக்கம் 8 மணி நேரம். மிச்சம் 26. அதிலும் மலைப்பாதை நெரிசல், படகுக்கு வரிசை, சாப்பிட வரிசை, வண்டி நிறுத்த இடம் தேடுவது. கூட்டம் தாங்காமல்தான் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அப்புறம் எட்டு மணிக்கு அலுவலக மீட்டிங். இதற்குப் பெயர் ஓய்வா?

பருவத்தையும் பாருங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர்காலம். வெளிநாட்டுப் படங்களில் மஞ்சள் இலை உதிரும் அந்த மாதங்களில் நமக்கு வடகிழக்குப் பருவமழை. கொடைக்கானலில் நல்ல மழை பெய்யும் காலமே அதுதான். பாதி நேரம் அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனிமூட்டத்தைப் பார்க்கிறோம். மழையைப் பார்ப்பது நல்லதுதான். அதை நம் வீட்டுத் திண்ணையிலோ பால்கனியிலோ உட்கார்ந்து பார்க்க ஏன் யாருக்கும் நேரமில்லை? என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

மன அழுத்தத்தைப் போக்க மலைக்குப் போனோம் என்கிறீர்கள். யாருடைய அழுத்தம் போனது?

புறப்படுவதற்கு முதல் நாள் புளியோதரை கிளறியது யார்? ஸ்வெட்டர், மருந்து, குழந்தைக்கு மாற்றுத் துணி, வாந்தி வந்தால் பாலிதீன் பை என்று எல்லாவற்றையும் நினைவு வைத்து எடுத்து வைத்தது யார்? திரும்பி வந்ததும் மூன்று நாள் அழுக்குத் துணியைத் துவைத்தது யார்? குடும்பமே ஓய்வெடுக்கப் போன அந்த இரண்டு நாளுக்காக ஒருத்தி நான்கு நாள் கூடுதலாக உழைத்திருக்கிறாள். புகைப்படத்தில் அவளும் சிரிக்கிறாள். சிரிக்கச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

இதைக் கோபத்தில் மட்டும் சொல்லவில்லை. ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. 6 வயதுக்கு மேற்பட்டவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்த ஆண்கள் 88 நிமிடம். கவனியுங்கள், அது வேலை செய்த ஆண்களின் சராசரி. துடைப்பத்தையே தொடாத பெருமக்கள் அந்தச் சராசரிக்குள் வரவே இல்லை! ஆறாம் வகுப்புப் பிள்ளையே கழித்துச் சொல்லிவிடும்: வித்தியாசம் 201 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்றே கால் மணி நேரத்துக்கும் மேல்.

மலைக்குப் போய் இளைப்பாறும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? கொடைக்கானலில் 1845-இல் முதலில் வீடு கட்டியவர்கள் மதுரைப் பக்கம் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள். சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிப் போனார்கள். சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம் மாறியது. அவர்கள் ஓடிப்போய் ஓடிவரவில்லை, மாதக்கணக்கில் தங்கினார்கள். ஆனால் மோட்டார் சாலை வருவதற்கு முன் அவர்களை டோலியில் வைத்து மலை மேலே சுமந்தவர்கள் நம் ஆட்கள். ஒருவர் இளைப்பாற இன்னொருவர் சுமந்தார். இன்று டோலி இல்லை. சுமப்பவர் மட்டும் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

பிள்ளைகளுக்கு வருகிறேன், அது என் துறை. காலாண்டுத் தேர்வு விடுமுறையில் பள்ளி கொடுத்த வீட்டுப்பாடத்தைக் காரிலேயே எழுத வைத்த பெற்றோர் இந்தப் பட்டியலில் உண்டு. குழந்தைக்கு ஓய்வு என்பது "அடுத்து என்ன" என்று யாரும் கேட்காத நேரம். மண்ணைக் கிளறுவது, சும்மா படுத்துக் கிடப்பது, பாட்டியோடு பல்லாங்குழி ஆடுவது. காலை ஆறு மணிக்கு எழுப்பி, "சீக்கிரம், தூண் பாறை பார்க்கணும், அப்புறம் படகு, அப்புறம் சாக்லேட் கடை" என்று விரட்டுவது இன்னொரு கால அட்டவணை. பள்ளியில் மணி அடித்தோம். நீங்கள் செல்போனில் அலாரம் வைக்கிறீர்கள்.

"வேலைச் சுமை உங்களுக்குத் தெரியாது சார்" என்று சிலர் சொல்வீர்கள். தெரியும். தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். அதே ஆண்டு ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பிரான்சில் 2017 முதல், ஆஸ்திரேலியாவில் 2024 முதல், வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பைத் தவிர்க்கத் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இதெல்லாம் யாரோ கேட்டதால், நின்றதால் கிடைத்தவை. மலைக்கு ஓடிப்போனதால் கிடைத்தவை அல்ல. இரவு பத்து மணிக்கு மேலாளர் அழைப்பதை வருடம் முழுக்கப் பொறுத்துக்கொண்டு, இரண்டு நாள் சிக்னல் கிடைக்காத இடத்துக்குப் போய் "நிம்மதி" என்கிறீர்கள். சிக்னல் வந்ததும் நிம்மதி போய்விடுகிறது.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது நம் ஊர்ப் பழமொழி. நாம் என்ன செய்கிறோம்? கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்க் குளிர வைத்து, கொண்டுவந்து அதே அடுப்பில் ஏற்றுகிறோம்.

ஊர் சுற்றுவதற்கு நான் எதிரி இல்லை. போங்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் வீட்டைவிட்டு நகராதவர்களுக்கு ஒரு நாள் வெளிக்காற்றே பெரிய மருந்து. ஆனால் மூன்று சேதிகள். ஒன்று, மூட்டை கட்டுவதும் வந்தபின் துவைப்பதும் இனி வீட்டு ஆண்கள் பொறுப்பு. மாப்பிள்ளைகளே, உங்களையும் சேர்த்துத்தான். இரண்டு, எங்கே போவது என்று முதலில் வீட்டுப் பெண்ணிடமும் பெரியவர்களிடமும் கேளுங்கள். முழங்கால் வலிக்காரரை மலையில் ஏற்றாதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். வருடத்தில் 52 ஞாயிறு வருகிறது. அவற்றைக் காப்பாற்றுங்கள். அன்று அலுவலகப் போனை எடுக்காதீர்கள், டியூஷன் வைக்காதீர்கள், சமையலை ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்ளுங்கள்.

அதைச் செய்த குடும்பம் கொடைக்கானல் போனால் அது சுற்றுலா. செய்யாத குடும்பம் போனால் அது தப்பியோட்டம். தப்பி ஓடியவர்கள் திங்கட்கிழமை காலை பிடிபட்டே ஆகவேண்டும்.

லைக் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள். உங்கள் கையெழுத்து மாறியிருக்கலாம், பொய் சொன்னால் எனக்கு இன்னும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் சார்