பெயருக்குப் பின்னால் ஒரு 'க்கு'

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் இணையத்தளத்தைப் புதிதாகச் செய்து தருகிறேன் என்று மூத்தவன் கையை உயர்த்தியது போன செப்டெம்பரில். அவனுக்கு வயது 16. எனக்குச் சந்தோசம்தான், கொஞ்சம் பயமும். நானும் வெப் வேலையில்தான் இருக்கிறேன். நமக்குத் தெரிந்த வேலையைப் பிள்ளை கையில் எடுத்தால் வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசில்லை, உங்களுக்கே தெரியும்.

முதல் சண்டையே டெம்ப்ளேட் இன்ஜின் எது என்பதில் வந்தது. இந்தத் துறையில் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: கல்யாணக் கார்டில் "திரு/திருமதி" என்று அச்சடித்து, பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள் இல்லையா? அந்தக் கார்டுதான் டெம்ப்ளேட். விட்ட இடத்தில் பெயரை எழுதி, நூறு வீட்டுக்கு நூறு கார்டு தயார் பண்ணும் ஆள்தான் இன்ஜின். இணையத்தில் நாம் பார்க்கும் பாதிப் பக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இந்த ஆட்களுக்குப் பேர் வைத்தவர்களுக்கு நல்ல நகைச்சுவை. முஸ்டாச் என்று ஒன்று. அதன் நெளிந்த அடைப்புக்குறியைச் சரித்துப் பார்த்தால் மீசை. பைத்தானில் உள்ள ஜின்ஜா, ஜப்பானியக் கோயிலின் பெயர். டெம்பிளும் டெம்ப்ளேட்டும் காதில் ஒன்றுபோல விழுவதால் வைத்தார்களாம். அந்த ஜின்ஜாவைப் பார்த்து மொசில்லாக்காரர் ஜாவாஸ்கிரிப்டில் செய்தது நஞ்சக்ஸ்.

மகனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். அதனால் ஈஜேஎஸ்தான் என்றான். அதில் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே முழு ஜாவாஸ்கிரிப்டும் எழுதலாம், புதிதாக எதுவும் படிக்கத் தேவையில்லை. நான் நஞ்சக்ஸ் என்றேன். ஒரு தாய்ப்பக்கம் செய்துவிட்டு மற்றப் பக்கங்களை அதிலிருந்து பிறக்க வைக்கலாம். தலைப்பை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். "அம்மா, இது ஆறு பக்கம் உள்ள சைட்" என்றான். அதுவும் சரிதான். ஈஜேஎஸ்ஸிலேயே செய்தான்.

நவம்பரில் பரிசளிப்பு விழா. 64 சான்றிதழ்களையும் அதே டெம்ப்ளேட்டில் போட்டு அச்சடித்தான். தங்கச்சியின் பெயரை வைத்துத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறான். அவள் பெயர் இகரத்தில் முடிகிறது. "யாழினிக்கு" என்பதுபோல அழகாக வந்துவிட்டது. மிச்சத்தை எடுத்துப் பார்த்தது என் அம்மா.

"என்ன பிள்ளை இது? 'குமரன்க்கு', 'சுந்தரம்க்கு' எண்டு கிடக்கு. இப்பிடியே பிள்ளையளுக்குக் குடுக்கப் போறீங்களோ?"

இங்கிலீஷில் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் போதும், பெயர் அப்படியே இருக்கும். தமிழில் உருபு பெயரோடு ஒட்டுகிறது, ஒட்டும்போது பெயரையும் அசைக்கிறது. குமரனுக்கு, கவிதாவுக்கு, சுந்தரத்துக்கு. மகன் உடனே விதி எழுத உட்கார்ந்தான். மகர மெய்யில் முடிந்தால் 'த்துக்கு' என்று ஒரு வரி போட்டான்; ஷியாம் "ஷியாத்துக்கு" ஆனான். நான் சிரித்தது தப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு அவன் அழும் நிலையில் இருந்தான்.

அம்மம்மா தேத்தண்ணியோடு வந்து அவன் பக்கத்தில் இருந்து சொன்னா: "பேருக்குப் பின்னால 'அவர்கள்' எண்டு போடன் தம்பி."

செல்வன் குமரன் அவர்களுக்கு. செல்வி கவிதா அவர்களுக்கு. உருபு முழுக்க 'அவர்கள்' மேல் ஏறிக்கொள்ளும். பெயரை யாரும் தொடத் தேவையில்லை. கல்யாணக் கார்டு அச்சடித்தவர்கள் கம்ப்யூட்டர் வருமுன்பே முடித்துவைத்த பிரச்சினை இது. எத்தனை வருசமாக இந்தத் துறையில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. 64 தாளையும் திரும்ப அச்சடித்தோம்.

ஆனால் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. பெற்றோர் பக்கத்தில் ஒரு செய்திப் பெட்டி இருந்தது. அதில் ஒருவர் '&' குறி போட்டு எழுதியபோது திரையில் ஏதோ கிறுக்கலாக வந்திருக்கிறது. ஈஜேஎஸ்ஸில் ஒரு விவரத்தைக் காட்ட இரண்டு வழி. சமக்குறி போட்டால் ஆபத்தான குறிகளை வெறும் எழுத்தாக்கிக் காட்டும். கழித்தல் குறி போட்டால் வந்ததை அப்படியே கொட்டும். கிறுக்கல் போகட்டும் என்று இவன் கழித்தல் குறிக்கு மாற்றிவிட்டான். அதற்குப் பிறகு செய்திப் பெட்டியில் யாராவது ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால், அது அந்தப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு பெற்றோரின் பிரவுசரிலும் ஓடும். அந்தப் பக்கத்திலேதான் பிள்ளைகளின் பெயர், போன் நம்பர், யாருக்குக் கச்சான் ஒவ்வாது என்ற விவரம் எல்லாம் இருக்கிறது. கிறுக்கலுக்குக் காரணம், அதே குறி இரண்டு தடவை மாற்றப்பட்டது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் திருத்த வேண்டியதை, கதவையே கழற்றிச் சரிசெய்திருக்கிறான். அன்றைக்கு மட்டும் நான் வாயை மூடவில்லை.

இதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தோம். எது வேகம் என்று பார்ப்பதை விட்டோம். ஆறு பக்கத்துக்கு வேகம் எதற்கு? அடுத்த வருசம் இவன் யூனிவர்சிட்டி தேடிப் போய்விடுவான். ஃபைலைத் திறக்கப் போவது பொருளாளர். அவருக்கு எக்செல் தெரியும், கோட் தெரியாது. அவரிடமே மூன்று மாதிரி காட்டி, வாணி விழாத் தேதியை மாற்றச் சொன்னோம். ஈஜேஎஸ் ஃபைலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். நஞ்சக்ஸில் மாற்றினார், ஆனால் ஒரு சதவீதக் குறி போய் பக்கமே திறக்கவில்லை. (என் கட்சி தோற்றது இங்கேதான்.) முஸ்டாச் வழியில் வந்த ஹேண்டில்பார்ஸில் இரண்டு நிமிசம்.

ஹேண்டில்பார்ஸையே வைத்துக்கொண்டோம். இரண்டு அடைப்புக்குறி போட்டால் குறிகளைத் தானாகவே பாதுகாப்பாக்கும். வந்ததை அப்படியே கொட்ட வேண்டுமென்றால் வேண்டுமென்றே மூன்று போட வேண்டும், தவறுதலாக வராது. கணக்கு வழக்கெல்லாம் ஹெல்பர் என்ற தனி ஃபைலில் இருக்கும், பொருளாளர் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை. பெயர் அட்டைக்கு நீளம் வெட்டுகிற வேலையையும் அங்கேதான் போட்டான். முன்பு பத்து எழுத்தில் வெட்டியபோது கிருஷ்ணவேணி "கிருஷ்ணவேண" ஆகியிருந்தாள். நமக்கு அது ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பதினொன்று, விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனி.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் வாராந்த நினைவூட்டலில் ஆறு வயதுப் பிள்ளையை "கவிதா அவர்களை 12 மணிக்கு அழைத்துச் செல்லவும்" என்று எழுதினால் வட்சப் குழுவில் விடமாட்டார்கள். அதனால் மகன் இந்த வருசம் பதிவுப் படிவத்தில் ஒரு கட்டம் கூட்டியிருக்கிறான்: பிள்ளையின் பெயரை 'உக்கு', 'ஐ' சேர்த்து நீங்களே எழுதுங்கள். போன கிழமை மட்டும் மூன்று பெற்றோர் எனக்குப் போன் எடுத்தார்கள், ஷியாமுக்கு என்று எழுதுவதா ஷியாமிற்கு என்று எழுதுவதா என்று. நான் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.