ஊருக்குப் போகும் முன் ஃப்ரிட்ஜைக் காலி செய்யுங்கள்

தீபாவளிக்கு பனியன் கம்பெனிகள் லீவு விட்டதும் திருப்பூர் அருகே மங்கலம் வட்டாரத்தில் லைன் வீடுகள் வரிசையாகப் பூட்டப்படும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போன குடும்பங்கள் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கிளம்பும் அவசரத்தில் கேஸை மூடுகிறோம்; ஃப்ரிட்ஜையோ பெயருக்கு அணைத்துவிட்டுப் போகிறோம், அல்லது ஓடவிட்டே போகிறோம். இரண்டுமே தவறு. ஐஸைக் கரைத்து, ஈரம் போகத் துடைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்ட வேண்டும்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸைக் கரைக்காமல் அணைத்துவிட்டுப் போனால், உருகும் நீர் பின்பக்கம் கம்ப்ரசர் மேலிருக்கும் ட்ரேயில் வந்து சேரும். ஃப்ரிட்ஜ் ஓடும்போது கம்ப்ரசர் சூட்டில் அந்த நீர் ஆவியாகிவிடும். அணைத்துவிட்டால் அப்படியே தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த நீரே தாராளம். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். தீபாவளி வருவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். ஃப்ரிட்ஜ் ட்ரேயைப் பார்க்க வரும் கொசு ஒழிப்புப் பணியாளரால் பூட்டிய வீட்டுக்குள் நுழைய முடியாது. ட்ரே ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் பல மாதம் சாகாது. எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும். ஐஸ் கட்டாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜிலும் இந்த ட்ரே உண்டு.

ஓடவிட்டே போனால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் பல மணி நேரம் போய்த் திரும்பினால், உருகிய கறி மறுபடி உறைந்திருக்கும். கெட்டதா நல்லதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. காலி ஃப்ரிட்ஜுக்கும் யூனிட் ஓடும். சப்-மீட்டர் கணக்கில் வீட்டுக்காரரிடம் காசு கட்டும் குடும்பத்துக்கு அது வீண் செலவு. நேரமில்லை என்பது அடுத்த சமாதானம். அதற்காகக் கத்தியால் ஐஸைக் குத்தினால் ஃப்ரீசர் சுவருக்குள் ஓடும் கேஸ் குழாய் ஓட்டையாகும். இன்றைய பல ஃப்ரிட்ஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. முந்தைய இரவே அணைத்துவிட்டு, ஃப்ரீசருக்குள் ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்தால் ஐஸ் தானாக விழும். ஈரத்தோடு கதவை மூடினால் பூஞ்சை பிடிக்கும்; ரப்பரையும் துடைத்து, கதவு மூடாதபடி ஒரு துணியை மடித்து வையுங்கள்.

லீவு நாளை அறிவிக்கும் கம்பெனிகள் நோட்டீஸ் போர்டில் இதையும் ஒரு வரி எழுத வேண்டும். ஒரு வீட்டு ட்ரேயில் பிறக்கும் கொசு அந்த வரிசை முழுவதையும் கடிக்கும்.