காலில் கட்டிய எழுத்து

பறவையைப் பிடித்து அதன் காலில் வளையம் மாட்டுவது வீண் கொடுமை என்று நம் சங்க நண்பர்களுள் சிலர் வாதிக்கின்றனர். அன்புள்ளத்தில் எழுந்த வாதந்தான்; ஆயினும் அதை நான் ஏற்பதற்கில்லை.

தென் அமெரிக்காவின் தென்கோடியில், அர்ஜென்டினாவின் ரியோ கிராந்தே கடற்கரையில், 1995-இல் 'நாட்' என்னும் உள்ளான் ஒன்று வலையில் சிக்கியது. கறுப்பு வளையம் மாட்டி விட்டுவிட்டார்கள். 2001-இல் அதே பறவை மீண்டும் அகப்படவே, ஆரஞ்சுப் பட்டையில் 'பி95' என்று பொறித்துக் கட்டினார்கள். (ஆரஞ்சு என்றால் அர்ஜென்டினா, வெள்ளை என்றால் கனடா, எந்த நாட்டில் கட்டியது என்பதை நிறமே சொல்லிவிடும்.) அதன் பின் தொலைநோக்கி உடையவர் எவரும் எட்ட நின்றே அதை இன்னதென்று அறியலாம்.

ஆர்க்டிக் பனிவெளிக்குப் போய் வர ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். கடைசியாக 2014 மே மாதம் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் அதைக் கண்டனர். அதற்குள் நிலவுக்குச் சென்று பாதி வழி திரும்பும் தூரத்தைக் கடந்துவிட்டது என்று கணக்கிட்டு, 'நிலவுப் பறவை' என்று பெயர் சூட்டிச் சிலையும் வைத்தார்கள். சிலை வைக்கும் ஆசை மனிதனுக்கு எங்கும் ஒன்றுதான் போலும்!

ஆனால் மற்றப் பறவைகளின் வளையங்கள் சொன்ன செய்தி இதனினும் பெரிது. டெலவேரில் இவை எலும்பும் தோலுமாய் வந்து இறங்குகின்றன. நெடும்பயணத்தில் குடல் சுருங்கிவிடுவதால், வழக்கம்போல் சிப்பியை ஓட்டோடு விழுங்கிச் செரிக்க இயலாது. குதிரைலாட நண்டு மணலில் இடும் மெல்லிய முட்டைகளே கதி. இரண்டு வாரத்தில் 120 கிராம் பறவை 180 கிராம் ஆனாலன்றி, மேற்கொண்டு பறந்து கூடு கட்டுவது எங்ஙனம்? அந்த நண்டுகளைத்தான் 1990-களில் விலாங்கு பிடிக்கத் தூண்டில் இரையாக வண்டி வண்டியாய் அள்ளினார்கள். வளையமிட்ட பறவைகளை நிறுத்துப் பார்த்து, மறு ஆண்டு எவை திரும்பின என்று குறித்து வந்ததால் அல்லவா, எடை குறைந்து புறப்பட்டவை மீள்வது அரிது என்பது வெளிப்பட்டது? வளையம் இல்லையேல் நண்டு பிடிப்பவரும் பறவை விரும்புவோரும் இன்றுவரை வெறும் வாய்ச்சண்டை இட்டுக்கொண்டிருப்பார்கள்.

தென்கோடியில் 1980-களில் 50,000-க்கு மேல் இருந்த இப்பறவைகள் 2011-இல் 15,000-க்கும் கீழே போயின. நியூ ஜெர்சி மாநிலம் 2008-இல் நண்டு பிடிப்பைத் தடுத்தது. அமெரிக்க மைய அரசு இவ்வினத்தை அழியும் அச்சத்தில் உள்ளதென அறிவித்ததோ 2014 டிசம்பரில். பி95 கடைசியாகக் கண்ணில் பட்டு ஏழு மாதம் கழித்து!

நம் நாட்டிலும் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக உள்ளான்களுக்கு வளையமிட்டு வருகின்றனர். குளிர்கால விடுமுறையில் அப்பக்கம் போகும் நண்பர்கள் எவரேனும் காலில் பட்டை கட்டிய பறவையைக் கண்டால், நிறம், எழுத்து, இடம், நாள் ஆகிய நான்கையும் குறித்து அக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதட்டும்.